செத்தவர் மெத்தை கடலுக்குப் போன வழி: பூதலூர் முதல் பூம்புகார் வரை

இதுவரை நான் இங்கே எழுதியதெல்லாம் கோயில் பயணம். இது கோயில் பயணம் இல்லை. ஆவணி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, இரண்டு விரல் போன மாப்பிள்ளையைப் பார்க்கப் போன பயணம். பூம்புகார்ப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வண்டி, நேரம், கட்டணம் எல்லாம் சொல்கிறேன். கூடவே வேறொன்றும் சொல்வேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

என் பெண் செல்வி பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடலோரத்துப் பையன் சேகரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் உட்காரவில்லை. சம்பந்தியம்மா பாக்கியம் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். பசியில்லை என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வந்து நாலு இட்லி சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் போனபோது சம்பந்தியம்மா வந்தார், மாலை போட்டார், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார். சரிக்குச் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

செல்வி போன் செய்து அழுதாள். "அம்மா, அவருக்கு வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சும்மா. ஆத்துல வந்த மூட்டையால." ஆற்றில் மூட்டை விடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், காவிரிக் கரை. காலை ஐந்து ஐம்பதுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஒன்பது கிலோமீட்டர் பூதலூர். அங்கே மயிலாடுதுறை போகும் பாசஞ்சர் ரயில், எனக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். நான் போன அன்று ஆறே முக்காலுக்கு வந்தது. நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், தஞ்சாவூர் தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்கும்.

வழியெல்லாம் குறுவை நெல் பச்சையாக நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரயில் மெதுவாகப் போகிற இடங்களில் மதகைப் பாருங்கள். ஆகாயத்தாமரையோடு பாட்டில், யூரியா சாக்கு, தெர்மாகோல் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். பாசனத்துக்கு ஆள் வந்து மதகைத் தூக்கிவிட்டால் அத்தனையும் அடுத்த மதகுக்குப் போகும். நாங்களும் அப்படித்தான் செய்வோம். நம் வாய்க்காலை விட்டுப் போனால் சரி.

மயிலாடுதுறையில் இறங்கும்போது ஒன்பதே கால். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பூம்புகார் பஸ் ஒரு மணி நேரம். அங்கிருந்து மாப்பிள்ளை ஊர் நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது. ஊர்ப் பெயர் போடவில்லை, மாப்பிள்ளை வேண்டாமென்றார்.

ஆட்டோக்காரரிடம், காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"அதுல பார்க்க என்னம்மா இருக்கு? எந்த ஊரு நீங்க?"

"பூதலூர்ப் பக்கம்."

"அப்ப உங்க சாமான்தான் அங்க கெடக்கு. போய்ப் பாத்துக்குங்க. ஆடிப்பெருக்கு முடிஞ்சு பத்து நாளைக்கு எங்க ஆளுங்க வலையில மீனை விட மாலைதாம்மா ஜாஸ்தி. கடலுக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறீங்க" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. புதுசாகக் கல்யாணமான பிள்ளைகள் கல்யாண மாலையை எடுத்து வைத்திருந்து ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செல்வி மாலையை நான் அப்படி விடவில்லை, கோபத்தில் பரண் மேலேயே காயவிட்டேன். ஆனால் மகன் மாலையை விட்டேன். அதில் ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும் கோத்திருந்தது. பூ அழுகிவிடும். மணி எங்கே போகும் என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

முகத்துவாரத்தில் மணலில் நடந்தேன். பெரிதாகக் காவிரி என்று ஒன்றும் இல்லை, குறுகலாக ஒரு தண்ணீர். பக்கத்தில் துணிக் குவியல். திதி கொடுத்தவர்கள் குளித்துவிட்டு அவிழ்த்துப் போட்டது. ஷாம்பு பாக்கெட். நாருக்குப் பதில் நைலான் நூலில் கட்டிய மாலையின் எலும்பு. ஒரு சாமிப் படத்தின் பிளாஸ்டிக் சட்டம் கிடந்தது, உள்ளே சாமி இல்லை. பழைய சாமிப் படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று நாங்கள் ஆற்றில்தான் விடுவோம். மரியாதையாக இருக்கட்டும் என்று.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை வீடு. சேகர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாமென்றேன். கட்டுக்குள்ளே நடுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. எப்படி ஆனது என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"கரையிலேர்ந்து ரெண்டு மைல்தான் இருக்கும் அத்தை. இன்ஜின் விசிறியில ஏதோ சுத்திக்கிச்சு. இன்ஜினை நிறுத்திட்டுப் பார்த்தா நைலான் கயிறு, கீழ ஒரு மூட்டை தொங்குது. கயிறைக் கையில சுத்தி இழுத்தேன். அந்த நேரம் பார்த்து அலை படகைத் தூக்கிருச்சு. மூட்டை கீழ, நான் மேல. தண்ணி குடிச்ச மெத்தை அத்தை, ஒரு ஆள் கனம். கயிறு விரலை எடுத்துட்டுப் போயிடுச்சு."

"உள்ள மெத்தையா?"

"கூட வந்தவங்க மேல இழுத்துப் போட்டு, சாக்கைக் கிழிச்சுப் பார்த்தாங்க. மெத்தை, தலகாணி, ரெண்டு சட்டை. யாரோ பெரியவரோடது."

சம்பந்தியம்மா உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த அந்தக் கயிற்றை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். மஞ்சள் நைலான் கயிறு. மாடு கட்டுகிற கயிறு. முடிச்சோடு அப்படியே வெட்டி வைத்திருந்தார்.

"இந்த முடிச்சைப் பாருங்க சம்மந்தி. எவ்வளவு பத்திரமாப் போட்டிருக்கான். தெறந்து போயிருந்தா எம்புள்ளைக்கு வெரல் இருந்திருக்கும். எதுக்கு இப்படிக் கட்டுறீங்க?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். செத்தவர் படுத்த பாய், மெத்தை, உடுத்திய துணி வீட்டில் இருக்கக்கூடாது. அந்தக் காலத்தில் கோரைப் பாயும் பருத்தித் துணியும். ஆற்றில் விட்டால் ஒரு மழைக்கு மக்கிப் போகும். இப்போது ஸ்பான்ஜ் மெத்தை, பாலியெஸ்டர் சட்டை, யூரியா சாக்கு. நாய் இழுத்துச் சந்தி சிரிக்க வைக்கக்கூடாது என்று இறுக்கிக் கட்டுவோம். என் வீட்டுக்காரர் மூட்டையை நானே கட்டினேன். மகன் போட்ட முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து, மாட்டு முடிச்சாக இரண்டு சுற்றுப் போட்டேன். சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே இரண்டு ஸ்பான்ஜ் மெத்தை, மூன்று தலையணை, நீலக் கோடு போட்ட சட்டை, பச்சைக் கரை வேட்டி. யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று நாற்பது வருஷத்துக் கதையை நான் மறந்ததில்லை. அன்று அந்த ஞாபகம் என் மேலேயே திரும்பிற்று.

"இது எங்களுது இல்ல. எங்களுது வெள்ளைக் கயிறு" என்றேன். பிறகு, "ஆனா நானும் விட்டிருக்கேன்" என்றேன்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"உங்க பொண்ணுதான். அப்பா மெத்தையை ஆத்துல விட்டாச்சுன்னு அன்னைக்கே சொன்னா. மூணு வருஷமா மனசுல வச்சிருக்கேன்."

அவரும் என்னைப் போலத்தான்.

இலை போட்டார்கள். "இன்னைக்காவது பசிக்குதா?" என்றார் சம்பந்தியம்மா. உட்கார்ந்து சாப்பிட்டேன். மீன் குழம்பு. கடைத்தெருவில் வாங்கிய மீன். அந்த வீட்டில் மீன் வாங்கிச் சமைப்பது அதுதான் முதல் தடவை என்று செல்வி என் காதோரம் சொன்னாள். மாப்பிள்ளை இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். திரும்பக் கடலுக்குப் போக முடியுமா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வலை புடிச்சுப் பார்த்தேன் அத்தை. நிக்க மாட்டேங்குது."

கிளம்பும்போது சம்பந்தியம்மா அந்தக் கயிற்றை என் பையில் வைத்தார். "உங்க ஊருக்கே எடுத்துட்டுப் போங்க." கோபமாகத்தான் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன். மாலை மூன்றே காலுக்குப் பூம்புகாரில் பஸ், ராத்திரி எட்டு மணிக்குள் பூதலூர் வந்துவிடலாம்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் வீட்டிலிருந்தே செம்பிலோ பாட்டிலிலோ கொண்டுபோங்கள், கரையில் வாங்கிக் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை நட்டுவிட்டு வராதீர்கள். திதி கொடுப்பவர்கள் குளித்த துணியை முறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அவிழ்த்த துணியோடு பாவம் போகிறதோ இல்லையோ, துணி எங்கேயும் போகவில்லை, நான் பார்த்துவிட்டு வந்தேன். மாலை விடுகிறவர்கள் பூவை மட்டும் உதிர்த்து விடுங்கள், நூலும் ஜிகினாவும் வீட்டிலேயே இருக்கட்டும். சாமிப் படத்தில் கண்ணாடி, சட்டத்தைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை மரத்தடியில் புதைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. ஆற்றுப் படித்துறையில் சோப்பு, ஷாம்பு கவரைக் கிழித்த கையோடு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சாக்கையும் நைலான் கயிற்றையும் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் விடாதீர்கள்.

சொல்வது சுலபம். நான் ஊர் வந்த ஒன்பதாம் நாள் என் ஓரகத்தி, மூத்தார் பெண்டாட்டி, போய்விட்டாள். பாகம் பிரித்தபோது என் மாமியார் அண்டாவைத் தூக்கிப் போனவள். இருபத்தாறு வருஷம் நாங்கள் பேசவில்லை. பிணத்தை எடுத்த மறுநாள் அவள் மகன் ரவி மெத்தையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நான் போய் அந்த மஞ்சள் கயிற்றை அவன் முன்னால் போட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"அதுக்கு? செத்தவங்க மெத்தையை வீட்டுல வச்சுக்கச் சொல்றீங்களா சித்தி?"

"பஞ்சாயத்து வண்டியில குடு."

"நேத்தே கேட்டேன். ஏத்த மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப எங்கிட்ட குடு."

"உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் ஆகாதே."

"ஆகாதுதான். குடுடா."

புடவைகளைத் துவைத்துக் கிழித்து அடுப்படித் துணியாக வைத்துக்கொண்டேன். மெத்தை எங்கள் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை. யூனியன் ஆபீசுக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. வீட்டுக்கு ஆகாது என்று மகன் என்னோடு பேசுவதில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாப்பிள்ளை இன்னும் கடலுக்குப் போகவில்லை. மாட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போதெல்லாம் அந்த மெத்தை கண்ணில் படும். என் வீட்டுக்காரர் படுத்த மெத்தை இன்றைக்கு எந்தத் தண்ணீரில், யார் கைக்குக் காத்துக்கொண்டு கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. எனக்கு ஆகாதவள் மெத்தை எங்கே இருக்கிறது என்று தெரியும்.