தட்டுத் தண்ணீர்

எண்பதுகளின் நடுவில், துபாய்ப் பக்கம் அல் ஐனில் ஒரு தோட்டத்துக்கு உர மூட்டை கொண்டுபோகும் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் சேலம் பக்கத்துக்காரர். ஒடிசலான உடம்பு, காதை மூடிய மப்ளர். குளிர்காலம் முழுக்க, படுக்கப் போகுமுன் ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வெளியே மணலில் வைப்பார். விடிந்ததும் முதல் வேலையாக, ராத்திரிக் குளிர் எவ்வளவு என்று அதில் விரலை வைத்துப் பார்ப்பார்.

முந்தின வருடம் ஊர்க் கணக்கில் தை மாதமே மரவள்ளி நட்டுவிட்டார். அத்தனையும் குளிரில் கருகிப்போனது. அதனால் இந்த முறை ஊரிலிருந்து வந்த பன்னிரண்டு குச்சிகளையும் ஈரச் சாக்கில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மாசியில் லீவு கிடைத்தது. குளிர் விடவில்லை. விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் கெஞ்சி லீவைப் பத்து நாள் தள்ளிப்போட்டார்.

"குச்சிக்காகவா? நான்தான் வர்றேனே, நட்டுட மாட்டேனா?" என்றேன்.

"நட்டுருவீங்க. தட்டைத் தொட்டுப் பாக்க மாட்டீங்களே."

"வீட்ல ரெண்டு வருசமா காத்துக்கிட்டிருக்காங்கண்ணே."

"அவங்க இன்னும் பத்து நாள் இருப்பாங்க. இதுக கருகுனாப் போனதுதானுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டியை எடுத்துவிட்டேன்.

குளிர் விட்டபின் குச்சிகளை நட்டுவிட்டுத்தான் அவர் ஊருக்குப் போனார். அடுத்த மார்கழியில் கிழங்கு பிடுங்கி, ஒரு பை நிறைய எனக்கும் தந்தார். மாவாக வெந்திருந்தது. ருசித்துத்தான் சாப்பிட்டேன். அந்தப் பத்து நாளுக்கு வீட்டில் என்ன காரணம் சொன்னார் என்று கேட்க மட்டும் கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.