அறுபத்தெட்டாயிரத்து நானூறு

அந்த விளம்பரத்தில் முதலில் இருந்த தொகை ஐந்து லட்சம். அதை அடித்துவிட்டு அறுபத்தெட்டாயிரத்து நானூறு என்று எழுதியவன் நான்.

ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பல வருடங்களாகச் செய்தி அனுப்பி வருகிறேன். மண்சரிவு, பஸ் விபத்து, சம்பளப் போராட்டம், கோயில் தேர். செய்தி அச்சில் வந்தால்தான் பணம். பத்திரிகையின் பக்கங்கள் குறைந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அதனால் கல்யாணப் பத்திரிகையோ, நன்றி நவிலலோ, துண்டுப் பிரசுரமோ யார் எதைக் கொண்டுவந்தாலும் தமிழைத் திருத்திக் கொடுப்பேன். அந்த இளைஞரும் அப்படித்தான் என்னிடம் வந்தார்.

முப்பது வயதிருக்கும். அட்டையில் பெயருக்குக் கீழே ‘இணைய வர்த்தக நிபுணர்’ என்று இருந்தது. டவுனில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே மண்டபம் எடுத்து மூன்று நாள் வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். கையிலிருக்கும் போனை வைத்தே தேயிலைத்தூள், சேலை, சாம்பிராணி எதையும் விற்கலாம், தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போகாமலே பணம் உழைக்கலாம் என்றார்.

நான் அவரை நம்பவில்லை. பின்னால் யோசித்துச் சொல்வதல்ல இது. முதல் அரைமணி நேரத்திலேயே நம்பவில்லை. தன்னுடையவை என்று அவர் காட்டிய மூன்று கார்களும் மூன்று படங்களில் ஒரே சுவருக்கு முன்னால் நின்றன. சுவரில் ஒரே நீர்க்கறை. வாகனம் விற்கும் இடமாக இருக்க வேண்டும். உங்களிடம் படித்து உழைக்கிற ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அது அவர்களின் தனிப்பட்ட விஷயம் என்றார். படித்தும் உழைக்காதவர்கள்? “அது அவங்க மைண்ட்செட் அண்ணே.” வகுப்பு எடுப்பதற்கு முன்னால் நீங்கள் இணையத்தில் எதை விற்றீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, “என்னையத்தான் விக்கிறேன்” என்றார்.

ஒரு செய்தியாளன் இதற்கு மேல் செய்ய வேண்டியது ஒன்றுதான். குறிப்புகள் என்னிடம் இருந்தன. இரண்டு பந்திச் செய்தியாகவாவது எழுதியிருக்கலாம். சின்ன ஆள், சின்ன வகுப்பு, கொழும்பில் இருக்கும் ஆசிரியர் குழு இதைத் தொடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவர் கொண்டுவந்த தாளைத் திருத்த உட்கார்ந்தேன்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். ‘காலை ஒன்பது மணிக்கு என் அம்மா பெரட்டுக்குப் போவார்’ என்று ஒரு வரி. வேலைக்குப் பெயர் கொடுக்கத் தொழிலாளர் கூடும் பெரட்டு எந்தத் தோட்டத்திலும் ஒன்பது மணிக்கு இல்லை. அவர் லயத்தில் வளரவில்லை என்பதற்கு அந்த வரி போதும். நான் ‘ஆறரை மணிக்கு’ என்று மாற்றினேன். சந்தேகம் வந்த ஒவ்வொரு இடத்தையும் சந்தேகம் வராதபடி சரிசெய்தேன். கடைசியில், வகுப்பில் படித்த ஒரு பெண் கேமரா முன்னால் சொல்வதாக இருந்த பகுதியில், அந்த ஐந்து லட்சத்துக்கு வந்தேன். மாதம் ஐந்து லட்சம் உழைப்பதாக ஒரு தோட்டத்துப் பெண் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். கொழுந்து எடுக்கும் ஒருவரின் மாதக் கைச்சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைப்போல் இரண்டு மடங்கு வைத்தேன். முழுத் தொகையாக இருந்தால் நம்பமாட்டார்கள் என்று சில்லறையும் சேர்த்தேன். இது பத்திரிகையில் படித்த பாடம்.

அவர் தாளைப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தான் பேப்பர்காரர் வேணும்ங்கிறது” என்றார். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

பேசுவதற்கு ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார். அதற்கும் என்னிடம் ஆள் இருந்தது. அனர்த்தம் நடந்த இடத்துக்குப் போனால் பெரும்பாலானவர்கள் அழுவார்கள், அல்லது வாயே திறக்கமாட்டார்கள். ஒருசிலர் மட்டும் கேமராவைப் பார்த்து முழு வாக்கியமாகப் பேசுவார்கள். அப்படிப்பட்டவர்களின் நம்பர்களை என் போனில் தனியாக வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெருமழையில் ஒரு லயத்தின் பின்பக்கத்துச் சரிவு இறங்கியது. அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கும் அறையான காம்பராவின் சுவர் வெடிப்புக்குள் என் நான்கு விரல்கள் போயின. அந்தக் காம்பராவில் இருந்தவர், ஐம்பதை நெருங்கும் பெண், கொழுந்து எடுப்பவர். “கல்லு விழுந்தா சத்தம் கேக்கும், ஓடிறலாம். மண்ணு சத்தம் போடாம வருதுங்களே” என்றார். மறுநாள் அதுவே தலைப்பு. அந்த நம்பரைத்தான் எடுத்தேன்.

படம் பிடித்த அன்று நிபுணர் வாங்கிவந்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் தேயிலைக்குள் நின்றார். தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இது பொய்யில்லீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“வெளம்பரம்க்கா. டீவில சோப்பு காட்டுற பொம்பள அந்த சோப்புலயா குளிக்கிறா?”

அவர் சிரித்துவிட்டார். ஒரே தடவையில் தப்பில்லாமல் சொல்லி முடித்தார். சேலையும் வகுப்பில் ஓர் இலவச இடமும் கொடுத்தார்கள். மூன்று நாள் பேரை, அந்த நாட்களின் கூலியை, விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். தேயிலைத்தூள் பாக்கெட்டுகளைப் படம் எடுத்துப் போட்டார். ஒன்றும் விற்கவில்லை. இதையெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்குத் தனிவீடுகள் வந்தன. தொழிற்சாலைக்குக் கீழே உள்ள மட்டமான நிலத்தில் இருபது வீடு. சரிவுக்குக் கீழே இருக்கும் லயத்தாருக்கு முதலிடம் என்று பேச்சு. அவருடைய பெயரும் பட்டியலில் இருந்தது. பட்டியலை வாசித்து ஆட்சேபம் கேட்கும் கூட்டம், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

தோட்டத் தலைவர் பெயர்களை வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து போனை உயர்த்திப் பிடித்தார். சிவப்புச் சேலை தெரிந்தது. என்னுடைய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணின் குரலில் வந்தன.

“பொறாமையில பேசலங்க. அக்கா நல்லா இருக்கட்டும். ஆனா மாசம் இம்புட்டு ஒழைக்கிறவங்களுக்கு எதுக்குங்க இனாம் வீடு?”

அந்தப் பெண் எழுந்து நின்றார். “அது வெளம்பரம்ங்க. எழுதிக் குடுத்தத சொன்னேன். ஒத்த பாக்கெட்டு விக்கலைங்க.”

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “வெளம்பரம்னா லச்சம் கோடின்னுல்ல அளப்பாங்க. எந்த ஊரு வெளம்பரத்துலங்க நானூறு ரூவா சில்லற வரைக்கும் சொல்லுவாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் ‘கள்ளி’ என்று சொன்னதும் காதில் விழுந்தது.

நான் ஜன்னல் ஓரம், அவரிடமிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் நின்றேன். கழுத்தில் கேமரா. யார் எழுதிக் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. குறிப்புப் புத்தகத்தில் ‘ஆட்சேபம் – ஒன்று’ என்று எழுதினேன். படத்துக்கு வெளிச்சம் போதுமா என்று பார்த்ததும் நினைவிருக்கிறது. அவர் பெயரை வெட்டி, காத்திருந்தவர்களில் முதல் குடும்பத்தைச் சேர்த்தார்கள். மறுநாள் நான் அனுப்பிய செய்தியில், பயனாளிகள் பட்டியல் இறுதி செய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அவரைப் பற்றி எதுவும் இல்லை.

நிபுணரை அழைத்து வீடியோவை எடுக்கச் சொன்னேன். அதற்குள் வகுப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருந்தார். கோபப்படவில்லை. “அண்ணே, நான் போட்டதுலயே சனம் ரொம்ப நம்புறது அந்த வீடியோதான். அத எப்படிண்ணே எடுக்கிறது? அடுத்ததையும் நீங்களே எழுதிக் குடுங்க.”

அதற்குப் பிறகும் எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள், நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீடமைப்புக் குழுவுக்குக் கொடுக்கும் முன்னால் அந்தப் பெண்ணிடம் காட்டப் போனேன். வாசலில் நின்றே படித்தார். உள்ளே கூப்பிடவில்லை.

“கடுதாசி ஆபீசு லாச்சியில கெடக்கும் தம்பி. என்னைய கள்ளின்னு சொன்னவங்க ஆபீசுல இல்ல. கொழுந்து நிறுக்கிற எடத்துல வந்து சொல்லுங்க.”

இரண்டையும் செய்தேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் பகல் நிறுவைக்கு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போனேன். நாற்பது பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கங்காணியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அந்த வீடியோவில் வந்த பேச்சு முழுவதும் நான் எழுதியது, தொகையும் நான் போட்டது, அவர் ஒரு சதமும் உழைக்கவில்லை என்று சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தராசில் தொங்கிய கூடையை யாரும் இறக்கவில்லை.

வயதான ஒரு பெண் கேட்டார்: “இப்ப இத யாரு எழுதிக் குடுத்தாங்க?”

சிலர் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது வரிசையின் நடுவில் இருந்து ஓர் இளம்பெண் முன்னால் வந்தார். வெட்டிய பெயருக்குப் பதிலாகச் சேர்த்த குடும்பம் அவருடையது. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு வேலைக்கு வந்திருந்தார். அதே லயம், நான்கு காம்பரா தள்ளி.

“அப்ப எங்க பேர வெட்டிருவாங்களாண்ணே?”

எட்டு நாளும் நான் எழுதி எழுதிக் கிழித்த கடிதங்களில் இந்தப் பெண் எங்குமே இல்லை. ஒரு பெயரைத் திரும்பச் சேர்த்தால் பிழை சரியாகிவிடும் என்று, அச்சுக்கோர்வையைத் திருத்துவது போல நினைத்திருந்தேன். தெரியவில்லையம்மா என்றேன். அதுவாவது உண்மை.

குழு கடிதத்தை ஏற்றுக்கொண்டது. இருபதாவது வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதை மேலிடம் தீர்மானிக்கட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். இப்போது பத்தொன்பது வீடுகளுக்குக் கூரை ஏறிவிட்டது. இருபதாவது இடத்தில் அத்திவாரம் மட்டும் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் நிற்கிறது. இரண்டு குடும்பங்களும் அந்தச் சரிவுக்குக் கீழேயே இருக்கின்றன. அந்தத் தோட்டம் இருக்கும் திம்புள்ளப் பக்கம் இந்த வாரம் மழை அதிகம்.

போன மாதம் கேமரா இல்லாமல் போனேன். இரண்டு பெண்களும் லயத்து வாசலில் ஒரே பலகையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை மூத்தவரின் மடியில் இருந்தது. மேலிடத்தில் யாரைப் பார்க்கலாம், பத்திரிகையில் ஒரு செய்தி போட்டால் வேகமாக நடக்குமா என்று நான் பேசிக்கொண்டே போனேன். மூத்தவர் குழந்தையின் கையிலிருந்த அரிசியைப் பிடுங்கி முறத்தில் போட்டார்.

“எங்களப் பத்தி இனி ஒண்ணும் எழுதிறாதீங்க தம்பி. போதும்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்திரிகையில் எழுதவில்லை. இங்கே யாருடைய பெயரையும் போடாமல் எழுதியிருக்கிறேன். அவர் கேட்டது பெயரைப் போடவேண்டாம் என்றல்ல.