நான் மட்டும் போகாத சமையல் கிளாஸ்

டிராவல்ஸ்ல வேலை பாக்கறவங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து சங்கம் வெச்சா, அதுல பாதிப் பேரு விழுப்புரத்தைத் தாண்டாதவங்களாத்தான் இருப்பாங்க. நகைக்கடையில கவரிங் போட்டுக்கிட்டு நிக்கறவங்களே, ஓட்டல்ல பிரியாணி கிளறிட்டு வீட்டுக்கு வந்து மோர்சோறு திங்கறவங்களே, நான் சொல்றது உங்களுக்கு உடனே புரியும். பாண்டிச்சேரியில ஒரு மாடி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, சாப்பிடறதுக்குன்னே வெளிநாடு போறவங்களுக்கு நான் பிளான் போட்டுத் தரேன். எந்த ஊரு, எந்த மார்க்கெட்டு, எந்தச் சமையல் கிளாஸ், எல்லாம் என் பொறுப்பு. விசா வேலை பக்கத்து மேசை தேவியோடது. யாரு வந்து நின்னாலும் அவ பேசறது ஒரே பாட்டுதான்: பாஸ்போர்ட்டக் குடுங்க, போட்டோ எடுத்துட்டு வாங்க, பின்னால வெள்ளைச் சுவரு இருக்கணும், சிரிக்கக் கூடாது.

இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமராவது, உங்களுக்கு எங்க போக ஆசைன்னு என்னைக் கேட்டதில்ல. நீங்களும் கேக்க மாட்டீங்க, நானே சொல்லிடறேன். வியட்நாம்ல இருக்கற சைகோன்.

பாதி சாயோ

அந்தப் பைத்தியம் பிடிச்சது எங்க மேல்வீட்டு அம்மாவாலதான், பிரெஞ்சுக்காரங்க பழக்கத்துல மதாம்னு கூப்பிடுவோம். அவங்க வீட்டுக்காரரு குடும்பம் ஒரு காலத்துல சைகோன்ல இருந்துட்டு வந்தது. கிறிஸ்மஸ் வந்தா மதாம் சாயோ போட்டு ஆர்டருக்குக் குடுப்பாங்க. மெல்லிசான அரிசித் தாள்ல இறாலு, கறி, சேமியா எல்லாம் வெச்சுச் சுருட்டிப் பொரிச்சு, புதினாவோட ஒரு எலையில மடிச்சு, மீன் சாஸ்ல தொட்டுச் சாப்பிடணும். உதவி பண்றேன்னு சொல்லிக்கிட்டு வருஷா வருஷம் நான் அந்த அடுப்படியில போய் நின்னுடுவேன். நான் சுருட்டறதை விட முழுங்கறதுதான் அதிகம்.

ஒரு தடவை வாய் நிறைய வெச்சுக்கிட்டு, ஒலகத்துலயே இதுக்கு மேல ஒண்ணு கிடையாது மதாம்னு சொன்னேன். அவங்க சந்தோஷப்படுவாங்கன்னு பாத்தா, முகம் சுண்டிப் போச்சு. அங்க இதோட ஒரு தட்டு நிறைய பச்சை எலை வைப்பாங்களாம், ஒவ்வொண்ணும் ஒரு வாசனையாம், அதுல ஒண்ணுகூட நம்ம மார்க்கெட்ல கிடைக்காதாம். கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, "இது பாதிதான் செலின். மீதி அங்க இருக்குது."

நெத்தியில சாம்பல்

ஒரே பங்குக் கோயில்ல பாடறவங்க ஆறு பேரு பாங்காக் கிளம்பினாங்க. சாப்பாட்டு டூர்தான், நடுவுல ரெண்டு நாள் சமையல் கிளாஸ். டிக்கெட் சல்லிசா இருக்கற தேதியாப் பாத்து, ரெண்டு வாரத்துல கிளம்பற மாதிரி நான் பிடிச்சு வெச்சிருந்தேன். காலையில பூசை முடிஞ்ச கையோட பணம் கட்ட வந்தாங்க. கிளாஸ்ல என்னென்ன சொல்லித் தருவாங்கன்னு நான் வாசிச்சுக் காட்டினேன். என் வேலையில எனக்குப் பிடிச்சதே இந்த வாசிக்கற வேலைதான். துளசி போட்ட கோழி, தேங்காப்பால்ல பன்னிக்கறி, வறுத்த வாத்துன்னு நான் சொல்லச் சொல்ல அவங்களுக்கும் எச்சில் ஊறுது, எனக்கும் ஊறுது.

தேவி மட்டும் எங்க முகத்தையே ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு இருந்தா. அன்னிக்குச் சாம்பல் புதன். மாரியம்மன் கோயிலுக்குப் போறவ அவ, அவளுக்குத் தெரிஞ்சது எங்க ஒருத்தருக்கும் தோணல. "ஏக்கா, ஏழு பேரு நெத்தியிலயும் சாம்பல் இருக்குதே, இன்னியிலேருந்து ஈஸ்டர் வரைக்கும் உங்களுக்குக் கறி கிடையாதுல்ல?"

தடைக்காலம்

குருசுக்குப்பத்து அஞ்சலையம்மாவுக்கு மீன் வியாபாரம். மீன்பிடித் தடைக்காலத்துல போட்டு கடலுக்குப் போகாது, அவங்களுக்கும் கூடையைத் தூக்கற வேலை இல்ல. சிங்கப்பூர்ல வேலை பாக்கற பையன் அந்தச் சமயம் பாத்து டிக்கெட் போடச் சொல்லியிருந்தான். அம்மாவுக்குப் பொழுது போகணும், ஒரு சமையல் கிளாஸும் சேத்து விடுங்கன்னு போன்ல சொன்னான்.

நான் என் போன்ல மூணு கிளாஸோட படத்தைக் காட்டி, இதுல நண்டு, இதுல நூடுல்ஸுன்னு வெளக்கிச் சொன்னேன். பொறுமையாப் பாத்தாங்க. படத்துல ஏப்ரன் கட்டிக்கிட்டு சிரிக்கற பொம்பளைங்களை ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "சமைக்கற கிளாஸு வேணாம்மா. நான் சும்மா உக்காந்திருக்க, இன்னொருத்தி சமைச்சுப் போடற கிளாஸு இருந்தா அதுல சேத்து வுடு" அப்படின்னாங்க.

ஓசி டிக்கெட்டு

எங்க தொழில்ல இப்படி ஒண்ணு உண்டு. வெளிநாட்டு டூர் கம்பெனிக்காரங்க, எங்க ஊரை நீங்களே வந்து பாருங்க, பாத்தாத்தானே ஆள் அனுப்புவீங்கன்னு ஆபீஸுக்கு ஒரு சீட்டு சும்மாவே தருவாங்க. போன வருஷம் சைகோனுக்கு வந்தது, சமையல் கிளாஸோட. எங்க வீட்டுக்காரருக்கு இங்க பக்கத்துல நோணாங்குப்பத்துல போட் ஏறினாலே வெளிநாடு போன மாதிரி. அவரைச் சமாளிச்சு, லீவையும் சொல்லி, பெட்டியைக்கூடத் தொடைச்சு வெச்சுட்டேன். எங்க முதலாளி தன் மருமகனை அனுப்பிட்டாரு. மருமகனுக்கும் இந்த ஆபீஸுக்கும் இருக்கற சம்பந்தம், ஆயுத பூசைக்கு வந்து பொரி சாப்பிடறது ஒண்ணுதான். அன்னிக்கு பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு நான் அழுதேன், அதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மருமகன் திரும்பி வந்ததும், மனசு கேக்காம போய் நின்னேன். அந்த எலையெல்லாம் எப்படி இருந்துச்சு, ஒண்ணாவது பேரு ஞாபகம் இருக்குதான்னு கேட்டேன். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. "கிளாஸா? அந்த வெயில்ல யாருங்க போவா? ரூம்ல ஏசி பிரமாதம்."

காந்தம்

சாப்பிடறதுக்குன்னே போயிட்டு வர்றவங்க யாரும் எனக்குச் சாப்பிடற மாதிரி ஒண்ணும் கொண்டு வர்றதில்ல. எல்லாரும் பிரிட்ஜுல ஒட்டற காந்தப் பொம்மை குடுப்பாங்க. ஆபீஸ்ல பிரிட்ஜு ஏது, இரும்பு பீரோவுலதான் ஒட்டி வெச்சிருக்கேன். சைகோன் காந்தம் மட்டும் ஒரு வரிசை ஆயிடுச்சு. சும்மா இருக்கறப்ப அதுங்களை நேரா வெப்பேன். தேவி ஒரு நாள் பாத்துட்டு, "ஏக்கா, தொட்டுக்கிட்டே இருந்தா ஊரு கிட்ட வந்துடுமா?" ன்னா.

குறை சொல்றவங்க

நல்ல சமையல் கிளாஸை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டா, பாராட்டி எழுதியிருக்கறதை நான் படிக்கவே மாட்டேன், குறையை மட்டும்தான் படிப்பேன். எல்லாத்தையும் அவங்களே நறுக்கி வெச்சிட்டாங்கன்னு ஒருத்தரு எழுதினா, அது போட்டோவுக்கான கிளாஸ். வெங்காயம் உரிச்சு உரிச்சுக் கண்ணு எரிஞ்சிடுச்சு, மாடிப்படி செங்குத்து, சாப்பாடு தின்னு தீரலன்னு எழுதியிருந்தா, கண்ண மூடிக்கிட்டுப் பணம் கட்டலாம். அப்படிப் பிடிச்சதுதான் சைகோன்ல லான் அம்மா வீட்டுக் கிளாஸ். மொதல்ல மார்க்கெட்டு, அப்புறம் மாடியில சமையல், நாலு பேருக்கு மேல சேக்க மாட்டாங்க.

லாஸ்பேட்டையிலேருந்து கவினும் ரம்யாவும் வந்தாங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க. நான் அந்த வீட்டைப் பத்திச் சொன்னேன். படியேறினதும் இடது கைப் பக்கம் ஜன்னல், அதுக்குக் கீழ எலைத் தொட்டி, நாலு ஸ்டூல், ஜன்னலோர ஸ்டூல்ல உக்காந்தா காத்து வரும். எல்லாம் படத்துல பாத்துப் பாத்து மனப்பாடம். நான் போயிருக்கேன்னு சொல்லல, போனதில்லைன்னும் சொல்லல. கவின் போனை மூடிட்டு, "அக்கா போயிட்டு வந்த எடம்னா வேற எதையும் பாக்க வேணாம்" னு சொன்னான். தேவிக்கு அப்பத்தான் இருமல் வந்தது.

நாலு ஸ்டூலு

போன வாரம் ஆபீஸ் நேரத்துல ரம்யாகிட்டேருந்து வீடியோ கால். லான் அம்மா வீட்டு மாடியிலேருந்து பேசறா. அதே ஜன்னல், அதே தொட்டி. ரம்யா எலையைக் கிள்ளிக் கேமராகிட்ட நீட்டறா, நான் என்னமோ வாசனை வரப் போற மாதிரி போன்கிட்ட மூக்கைக் கொண்டு போயிட்டேன். அப்ப லான் அம்மா போனை வாங்கி என்னையே உத்துப் பாத்தாங்க. அவங்க இங்கிலீஷ்ல சொன்னதை ரம்யா சிரிச்சுக்கிட்டே தமிழ்ல சொன்னா: இங்க வந்த முகம் ஒண்ணையும் அவங்க மறக்க மாட்டாங்களாம், நீங்க மட்டும் எப்ப வந்தீங்கன்னு ஞாபகமே வரலையாம்.

கஸ்டமரு ரெண்டு பேரு எதிர்ல உக்காந்திருக்காங்க. இருந்தாலும் சொல்லிட்டேன், நான் வந்ததே இல்ல ரம்யா, படத்துல பாத்ததுதான்னு. ரம்யா சிரிப்பை நிறுத்திட்டா. அவ என்ன சொன்னாளோ, லான் அம்மா போனை இன்னும் கிட்டக் கொண்டு வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். அவங்க போனைத் திருப்பி ஜன்னலோர ஸ்டூலைக் காட்டினாங்க. அது காலியா இருந்தது. நான் எல்லாக் கஸ்டமருக்கும் சொல்ற அதே பேச்சை ரம்யா எனக்குச் சொன்னா: "நீங்க எப்ப வர்றீங்கன்னு கேக்கறாங்கக்கா. நாலு பேருதானாம், முன்னாடியே சொல்லிடணுமாம்."

போனை வெச்சதும் எனக்குக் கண்ணு நெறைஞ்சு எதிர்ல இருந்தவங்க முகம் தெரியல. லீவு கிடைக்காது, வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு யாரும் கேக்காமலே தேவிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ கம்ப்யூட்டர்லேருந்து தலையைத் தூக்காம கையை மட்டும் என் பக்கம் நீட்டினா. "பாஸ்போர்ட்டக் குடுங்க. போட்டோவுக்குப் பின்னால வெள்ளைச் சுவரு இருக்கணும். சிரிக்கக் கூடாதுக்கா."

ஊரையெல்லாம் பந்திக்கு அனுப்பிட்டு வாசல்ல நிக்கற வேலைதான் இது, ஆனா உள்ள எனக்கும் ஒரு எல போட்டு வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சதுலேருந்து, வாசல்ல நிக்கறதுதான் முடியல.