தேதி தவறாத ஞானசேகரன்

பால்காரருக்கு ஒன்றாம் தேதி, வீட்டுக்காரருக்கு இரண்டாம் தேதி, பேப்பர் போடுகிறவருக்கு மூன்றாம் தேதி. பெங்களூர் தொம்மலூரில் குடியேறிய நாளிலிருந்து ஞானசேகரன் இப்படித்தான் பணம் கொடுத்து வந்தார். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று மனைவி ஜானகி கேட்டால், "ஆளுக்கு ஒரு நாள்னு வெச்சிக்கிட்டா மறக்காது" என்பார். அதெல்லாம் சும்மா. ஒரே நாளில் கொடுத்தால் ஒரு தடவைதான் நாணயமானவர் என்று பெயர் வாங்கலாம், மூன்று நாள் கொடுத்தால் மூன்று தடவை வாங்கலாம். அந்த ஆசைதான்.

ஆசைக்குக் காரணமும் இருந்தது. அவருக்கு எட்டு வயதிருக்கும்போது, அல்சூரில் அவர்கள் இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் வட்டிக்காரர் வருவார். அப்பா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். வாசலுக்குப் போய் "அப்பா இல்லீங்க" என்று சொல்வது மகனின் வேலை. முதலில் நாக்கு தடுக்கியது. சொல்லிச் சொல்லிப் பழகிப்போய், கடைசியில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சரளமாக வந்தது. ஒரு நாள் வட்டிக்காரர் கோபிக்கக்கூட இல்லை. "நல்லா சொல்ல கத்துக்கினடா" என்று கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். நாற்பது வருஷம் கழித்தும் அந்தத் தட்டு அவருக்கு மறக்கவில்லை.

பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓர் அரசுத் தொழிற்சாலையில் அவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். 2001-ல் கேன்டீன் வாசலில் டை கட்டிய ஆட்கள் மேஜை போட்டு உட்கார்ந்து, சம்பளச் சீட்டின் நகல் கொடுத்தால் போதும், கிரெடிட் கார்டு ஆயுசுக்கும் இலவசம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மகள் வீணா அப்போதுதான் பி.யூ.சி.யில் சேர்ந்து, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் தோழி வீட்டுக்கும் காலேஜுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். ஞானசேகரன் கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. ஜானகி அதற்குத் தையல் மெஷினுக்கு வைக்கிற மாதிரியே மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

பில்லில் இரண்டு எண்கள் இருந்தன. மேலே பெரியது, கீழே 'மினிமம் டியூ' என்று சின்னது. இருபது வருஷம் ஏலச்சீட்டு கட்டிப் பழகிய மனிதருக்கு அது எப்படிப் புரியுமோ அப்படியே புரிந்தது. பெரியது சீட்டுப் புத்தகத்தின் தலைப்பில் எழுதியிருக்கும் மொத்தத் தொகை மாதிரி, அதை யார் பார்க்கிறார்கள்? சின்னது இந்த மாதத் தவணை. முதல் மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், அடுத்த மாதம் இருபது முப்பது ரூபாய் குறைவு, அதற்கடுத்த மாதம் இன்னும் குறைவு. சீட்டிலும் ஏலக் கழிவு போகத் தவணை குறையும் அல்லவா? "பேங்க்காரங்க பரவால்ல ஜானகி, கழிவெல்லாம் குடுக்கறாங்க" என்று மெச்சிக்கொண்டார்.

தேதி தவறாமல் கட்டினார். ஒரு வருஷம் கழித்து, மதிப்புக்குரிய வாடிக்கையாளரான தங்களின் கடன் வரம்பை உயர்த்தியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வீணா படித்துச் சொன்னதும் அதை பீரோவில் ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்தினார். ஜானகிக்கு ஆபரேஷன் ஆனபோது ஒன்பதாயிரம், வீணாவை பி.சி.ஏ.வில் சேர்த்தபோது ஏழாயிரத்து ஐந்நூறு, அந்தக் கார்டிலேயே எடுத்தார். எல்லாம் சேர்ந்து ஐம்பத்தைந்தாயிரம். வட்டிக்கென்று தாராளமாகப் பத்தாயிரம் போட்டால்கூட அறுபத்தைந்தாயிரம். 2004 ஜூலையில் அவர் கட்டியிருந்தது அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு. இதற்குமேல் கணக்கு என்ன இருக்கிறது? மீதி இருநூறு ரூபாயையும், பேங்க்காரர்களுக்குக் கொடுக்க அரைக்கிலோ மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டு, சலவைச் சட்டையில் எம்.ஜி. ரோடுக்கு பஸ் ஏறினார்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "முகிதில்லா சார்" என்றாள் கன்னடத்தில். முடியவில்லையாம். பாக்கி முப்பத்தோராயிரத்து எழுநூறு.

வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறாள் என்று நினைத்து ஞானசேகரன் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு சொன்னார். அவள் பொறுமையாகத் தாளில் எழுதிக் காட்டினாள். அவர் கட்டிய ஒவ்வொரு ஆயிரத்து எண்ணூறிலும் சராசரியாக ஆயிரத்து நூற்றைம்பதுக்குக் குறையாமல் வட்டிக்கே போயிருந்தது. 

"நான் ஒரு மாசம்கூட லேட் பண்ணலியே மேடம்."

"அதனாலதான் சார் உங்களுக்கு லிமிட் ஏத்தினாங்க" என்றாள் தமிழில். அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. பாராட்டாகத்தான் சொன்னாள்.

மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். ஜானகிதான் கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் எல்லாமே எளிதாகப் போயிருக்கும். ஆனால் மூன்று வருஷமாக ஊருக்கே நாணயத்தைப் பற்றிப் பாடம் நடத்திய வாய்க்கு, ஏமாந்துபோனேன் என்று சொல்ல வரவில்லை. "முடிஞ்சுது" என்றார். ஜானகி டப்பாவைப் பிரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, எதிர்வீட்டு மௌரீனுக்கு நாலு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்த கையோடு, மௌரீன் நடத்தும் சீட்டில் மாதம் ஆயிரத்து எண்ணூறுக்குப் பெயரும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். சம்பளத்தை அப்படியே ஜானகியிடம் கொடுத்து, கார்டுக்கென்று ஆயிரத்து எண்ணூறைத் திரும்ப வாங்குவதுதான் வழக்கம். இனி எதைச் சொல்லிக் கேட்பது? ஓவர்டைம் செய்து இரண்டு மாதம் ஓட்டினார். ஜானகி கட்டிக் கொடுத்த டிபனோடு நிறுத்திக்கொண்டு, கேன்டீன் டீயைக்கூட விட்டார். மூன்றாவது மாதம் ஓவர்டைம் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தேதி தவறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜானகி உள்ளே மெஷினில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த வீணா கையை நீட்டி எடுத்து, "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் யோசிக்கவே இல்லை. இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினார்.

"அப்பா இல்லீங்க. எப்ப வருவார்னு தெரியாதுங்க."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி சரளமாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, ஏன் என்றுகூடக் கேட்காமல் திரும்பி வேலையைப் பார்த்தாள்.

அந்தச் சரளம்தான் அவரைக் குத்தியது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். 

"எத்தனாவது தடவம்மா இது?"

வீணா தலை நிமிராமல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அஞ்சாவது. நீங்க வேலைக்குப் போனப்ப நாலு தடவ வந்துச்சி. அம்மாகிட்ட சொல்லல."

கை தானாகக் கன்னத்துக்குப் போனது. வட்டிக்காரர் இப்போதுதான் தட்டிவிட்டுப் படியிறங்கியது மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் யாரை மாதிரி ஆகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தாரோ, அந்த அப்பாவைப் போலவே ஆகிவிட்டார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவமானத்தில் அவருக்கு அழுகை வந்தது. நேரே ஜானகியிடம் போய், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

மெஷின் நின்றது. எவ்வளவு பாக்கி என்று ஜானகி கேட்கவில்லை.

"அந்த மைசூர்பாக சாமிக்கு வெச்சேனே" என்றாள். "மௌரீன் கையில குடுத்து, எங்க வீட்டுக்காரர் சொன்னா சொன்ன மாதிரி முடிப்பார்னு சொல்லிட்டு வந்தேனே." 

அன்றைக்கு முழுக்க அவள் சாப்பாடு மட்டும் போட்டாள். மறுநாள் சாயங்காலம் பில் கட்டை எடுத்துவரச் சொன்னாள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வீணா ஒவ்வொன்றாகப் படித்தாள். முடிந்ததும் ஜானகி கேட்டாள், "உங்க ஃபேக்டரி சொசைட்டில லோன் குடுக்கறாங்க இல்ல? வட்டி இதுல பாதிகூட கெடையாதே. அத்த வாங்கி இத்த அடைங்க."

"அதுக்கு ரெண்டு பேர் ஜாமீன் போடணும்."

"நீங்க எத்தன பேருக்குப் போட்டிருக்கீங்க?"

"பதினாலு."

"அப்பறம் என்ன?"

ஜாமீன் போடுகிறவராக இருப்பது வேறு, கேட்கிறவராகப் போய் நிற்பது வேறு. "சிரிப்பாங்க ஜானகி" என்றார்.

"சிரிக்கட்டும். நம்ம பொண்ணு பொய் சொல்றதவிட அது மேல்."

மறுநாள் டீ நேரத்தில் சொசைட்டி ஃபாரத்தோடு பக்கத்து மெஷின் சிரிலிடம் போனார். கார்டு என்று ஆரம்பித்ததுமே சிரில் அவர் தோளைப் பிடித்து ஸ்டோர் ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். 

"மெதுவா பேசு குரு. உனக்கு ஒண்ணுதானா? எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணுல எடுத்து இன்னொண்ணுல கட்டறேன். வீட்ல தெரியாது." கையெழுத்துப் போட்டுவிட்டு, ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "வீட்ல எப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"தரையில உக்காந்து சொன்னேன்" என்றார் ஞானசேகரன்.

இரண்டாவது கையெழுத்தைக் கூட வேலை பார்க்கும் அப்பாதுரை போட்டார். யாரும் சிரிக்கவில்லை. நவம்பரில் சொசைட்டிப் பணம் வந்தது. மூன்று பேருமாக எம்.ஜி. ரோடுக்குப் போய்க் கார்டை முடித்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதோடு முடிந்துவிடவில்லை, கடன் இடம் மாறியது, அவ்வளவுதான். இருபத்து நாலு மாதம் சம்பளத்தில் பிடித்தம். மௌரீன் சீட்டை ஜானகி விடவில்லை. நடு இரவு தாண்டாமல் எத்தனை பிளவுஸ் தைக்க முடியுமோ அத்தனை தைத்தாள். வீணா சனி ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தாள். மூன்று வருஷமாகத் தின்றது போதும், இனி சம்பாதிக்கட்டும் என்று ஜானகி அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னாள். 

பணத்தைவிட இன்னொன்றைக் கட்டித் தீர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கரன்ட் பில் கட்டியாச்சா, கேஸ் பதிவு செய்தாச்சா என்று எதைக் கேட்டு அவர் "முடிஞ்சுது" என்றாலும், ஜானகி நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சுதா, இல்ல மைசூர்பாகு முடிஞ்சுதா?" என்பாள். வீணா சிரிப்பாள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, ரசீதை எடுத்துக் காட்டுவார். காட்டாமல் இருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. 

2006 அக்டோபரோடு பிடித்தம் முடிந்தது. நவம்பர் சம்பளச் சீட்டில் சொசைட்டிக்கு நேரே ஒன்றும் இல்லை. வரும் வழியில் இனிப்புக் கடையைப் பார்த்தார், நிற்காமல் வந்துவிட்டார். சீட்டைத் தையல் மெஷின் மேல் வைத்தார்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஜானகி.

"முடிஞ்சுது."

அவள் சீட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை. சும்மா தலையாட்டிவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஞானசேகரனுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது.

அப்போது டெலிபோன் அடித்தது. வீணா எடுத்தாள். கேட்டுவிட்டு, ரிசீவரின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"பேங்க்லேருந்துப்பா. உங்களுக்கு கோல்டு கார்டு குடுக்கறாங்களாம், ஆயுசுக்கும் ஃப்ரீயாம். இல்லன்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு இல்லன்னு சொல்லணும்? இருக்கேன்னு சொல்லு. வேணாம்னு நானே சொல்லிக்கறேன்" என்று எழுந்தார்.

வீணா கையை எடுத்தாள். "அப்பா..." என்று ஆரம்பித்தவளுக்கு ஏனோ நாக்கு தடுக்கியது. மறுபடி ஆரம்பித்து, "அப்பா இருக்காருங்க" என்றாள்.