கலங்கல் மேல் அடுக்கிய கல்

செஞ்சிக்கு மேற்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் எங்கள் தெருவில், கூலி வேலை செய்த நைனாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். தெருவிலேயே முதன்முதலாக பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர். செஞ்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அதிர்ந்து பேசமாட்டார். அந்தக் குணம் தங்கையாகிய எனக்கு வரவில்லை, படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சும் நீர் வழிந்தோடுகிற கலங்கல் மேல், மழைக்கு முன் கல் அடுக்கி, இரண்டடித் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவது ஊர் வழக்கம். சென்ற வருடம் அண்ணன் கரையை அளந்தார். கல்லூரியில் படித்த கால்குலஸை வைத்து நான்கு பக்கம் கணக்குப் போட்டு மணியக்காரரிடம் கொண்டுபோனார். நானும் உடன் போனேன்.

"பத்தடித் தண்ணி கரையத் தள்ற பாரம் நூறுன்னா, பன்னெண்டடிக்கு நூத்தி இருவது இல்லீங்க ஐயா. நூத்தி நாப்பத்து நாலு. கரை தாங்காது."

மணியக்காரர் தாளைத் தொடவே இல்லை. "எங்க தாத்தன் காலத்துலருந்து கல்லு அடுக்கறோம். ஒரு குழி நெலம் இல்லாதவனுக்கு ஏரியில இன்னா பேச்சு?"

நிலம் இல்லைதான். ஆனால் கரை உடைந்தால் முதலில் போவது எங்கள் தெரு. உறவினர்களாவது வாய் திறந்தீர்களா? "பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு, வுட்டுடுப்பா" என்று அண்ணனிடம் சொன்னவர்கள்தான் இன்று அவருடைய இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கரை கசியத் தொடங்கியது. விடிந்ததும் அண்ணன் கடப்பாரையோடு தனியாகப் போனார். பாதிக் கற்களைத் தள்ளிவிட்டார். பாய்ந்த வெள்ளம் அவரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஏரியில் தண்ணீர் இறங்கியது, கரை நின்றது.

"கரைதான் ஒடையலியே, வாத்தியார் கணக்கு தப்பாப் போச்சி" என்று டீக்கடையில் பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள். அண்ணன் உயிரைக் கொடுத்ததால்தான் ஐயா கரை நின்றது.

இம்மலரில் 'விதிவசத்தால் காலமானார்' என்று போடச் சொன்னார் சித்தப்பா. போடமாட்டேன். அதற்குப் பதிலாக அந்த நான்கு பக்கக் கணக்கை அப்படியே போட்டிருக்கிறேன்.

அண்ணனின் உடலைத் தேடி எடுத்துவந்த எங்கள் தெரு இளைஞர்களுக்கும், இதை அச்சிட்டுத் தந்த அவருடைய கல்லூரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த வருடமும் கல் அடுக்கிவிட்டார்கள். மலரை ஒரு வாரம் முன்பே அனுப்புவது அதனால்தான். முதலாண்டு நினைவு நாளுக்கு வரும் உறவினர்கள் கலங்கல் வழியாக வாருங்கள். ஆளுக்கொரு கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாருங்கள். அப்படி வருகிறவர்களுக்குத்தான் எங்கள் வீட்டில் இலை போடுவோம்.