தாய்லாந்துக்குள் வந்த எட்மன்டன்

மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் முதியோர் குடியிருப்பில், ஏழாம் மாடிச் சிவபாதத்தைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். லிஃப்டுக்குள் ஏறி இறங்குவதற்குள் மூன்று பேருடைய வீட்டு விசேஷத்தைச் சொல்லிவிடுகிற மனிதர். அப்படிப்பட்டவருக்குத் தான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயம் மட்டும் இரண்டு வருடமாகத் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அடுத்தவர் பேச்சைச் சொல்வதில் அவர் புலி. எண்பத்தேழாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பனி நாட்டில் வந்து இறங்கி, ரெக்ஸ்டேலில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கிருந்த தமிழர்களுக்குள் அரைகுறையாகவாவது ஆங்கிலம் தெரிந்தவர் அவர்தான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி தானாகத் தலையில் விழுந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வது அவருடைய இரத்தத்திலேயே கிடையாது. ஒருநாள் சீமோன் என்றவர் மூன்றாம் தடவையாகப் பிந்தி வந்தார். மேற்பார்வையாளர் பாய்ந்து விழுந்து, இன்னொரு முறை பிந்தினால் வேலை போய்விடும் என்று கத்தினார்.

"ஸ்னோவுக்குள்ளை வரக் கஷ்டமாய் இருந்ததோ எண்டு கேக்கிறார்" என்றார் சிவபாதம்.

சீமோனுக்குப் புல்லரித்துவிட்டது. "சீச்சீ, ஒரு கஷ்டமும் இல்லையெண்டு சொல்லும்!"

சிவபாதம் மேற்பார்வையாளரிடம் திரும்பி, இவர் மனமுடைந்து மன்னிப்புக் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சீமோன் அங்கே மேலும் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றார். இப்படி எத்தனையோ பேருடைய வேலையையும் குடும்பத்தையும் பொய்யால் காப்பாற்றிய புண்ணியவான் அவர்.

மனைவி யோகராணி கண்ணை மூடி ஒன்பது வருடமாகிவிட்டது. "இஞ்சாருங்கோ" என்று அவ கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுவார். யாழ்ப்பாணத்தில் மனைவி கணவனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற சொல் அது. யோகராணிக்குப் பிறகு அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மகள் நிரூபா யூனியன்வில்லில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

நாலாம் மாடியில் சந்திரவதனா. அவவும் தனி ஆள். இந்த ஊரில் பால் நாலு லீற்றர் பையாக வரும், பெரிய பைக்குள் மூன்று சின்னப் பை. தனி ஆளுக்கு அது எப்படி முடியும்? "பாதிப் பால் புளிச்சுப் போகுது" என்று அவ ஒருநாள் லிஃப்டில் அலுத்துக்கொள்ள, சிவபாதம் பங்குக்கு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் பிளாசாவுக்குப் போய் ஒரே ஒரு பெரிய பை வாங்குவார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பை. மூன்றாவது, ஒரு கிழமை அவவுக்கு, மறு கிழமை இவருக்கு. கேட்டால் வெறும் பால் என்பார்கள். வெறும் பாலுக்கு எதற்குச் சவரம், எதற்குப் பவுடர் என்று கேட்கக்கூடாது.

ஒரே ஒரு தடை. அவ இவரை "சிவபாதண்ணை" என்று கூப்பிடுவா. வாய் நிறைய அண்ணை என்கிற பெண்ணிடம் ஒரு மனிதன் என்னவென்று கதையைத் தொடங்குவது?

இந்த லட்சணத்தில்தான், விமானத்தில் நாலு மணித்தியாலம் தள்ளி இருக்கும் எட்மன்டனிலிருந்து அவவுடைய மகள் ரோகிணி, தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தாள். வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் போன் எடுப்பதாகவும், ஓம் என்றால் உடனே டிக்கெட் போடுவதாகவும் சொல்லிவிட்டாள். செய்தியைக் கேட்ட சிவபாதம், "நல்லது, மகளோடை இருக்கிறதுதானே நல்லது" என்றார். சொல்லிவிட்டு ஏழாம் மாடிக்கு வந்து தன் நாக்கையே திட்டினார். இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமைகளில் பதினொரு மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் முதியோர் சங்கத்தின் படம் ஓடும். படம் எடுத்து வருவது சிவபாதத்தின் பொறுப்பு. அந்தக் கிழமை நூலகத்தில் அவர் மண்டைக்குள் எட்மன்டன்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிவிடி உறையில் தென்னை மரம், மீன் சந்தை, லுங்கி போல இடுப்பில் சாரம் கட்டிய ஒரு கிழவர். மலையாளப் படம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மண்டபம் கிசுகிசுத்தது. சங்கத் தலைவர் சுப்பிரமணியன், கோயம்புத்தூர்க்காரர், எழுந்து நின்றார். "ஏங்க சிவபாதம், இது எந்த ஊரு மலையாளமுங்க?"

உறையைத் திருப்பிப் பார்த்தார்கள். தாய்லாந்துப் படம். வெவ்வேறு வயதில் வருகிற காதல், மூன்று தனித்தனிக் கதை, கீழே ஆங்கில எழுத்து. இருபத்துமூன்று பேரில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் ஓடாது, மீதிப்பேருக்குக் கண் ஓடாது. சிவபாதத்தின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

முதல் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகள். பையன் மாமரத்துக்குக் கீழ் அவளுடைய கையைப் பிடித்தான். "கணக்குப் பாடம் விளங்கேல்லை எண்டு கேக்கிறான்" என்றார் சிவபாதம். அவள் வெட்கப்பட்டுக் குனிந்தாள். "தனக்கும் விளங்கேல்லையாம்."

முன்வரிசையில் கிளடிஸ் ரீச்சர் திரும்பினா. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவ, கண்ணாடி வேறு புதிது. "அண்ணை, உப்பிடி ஒண்டும் எழுதேல்லையே!"

"ரீச்சர், கருத்தைத்தான் சொல்லுறன்."

இரண்டாவது கதையில் நாற்பது தாண்டிய ஒரு பெண்ணும் நூடில்ஸ் கடைக்காரரும். வம்பு வேண்டாமென்று சிவபாதம் முன்கூட்டியே, "இவை ரெண்டு பேரும் சகோதரங்கள்" என்று அறிவித்தார். மூன்றாவது நிமிடத்தில் சகோதரங்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். மண்டபமே "ஐயோ!" என்றது.

"மச்சானும் மச்சாளும் எண்டு சொல்ல வந்தனான்" என்றார் சிவபாதம், நெற்றியைத் துடைத்தபடி. மண்டபம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மச்சான் மச்சாள் என்றால் சரிதானே.

மூன்றாவது கதை வந்தது. ஆற்றுப் படகில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து போகிற கிழவரும் கிழவியும். அவ ஊரை விட்டுப் போகப் போகிறா, கிழவருக்கு அது தெரியும், வாய் வரவில்லை. இரண்டாம் வரிசையில் சந்திரவதனா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தா. சுவர் மணிக்கூடு பன்னிரண்டே முக்கால் காட்டியது.

திரையில் கிழவர் ஏதோ சொன்னார். முழங்கால் வலி என்று கீழே எழுத்து ஓடியது.

"போகாதேங்கோ எண்டு சொல்லுறார்" என்றார் சிவபாதம். "நீங்கள் போனால் எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுறார். அண்டைக்கு நல்லது எண்டு சொன்னது பச்சைப் பொய்யாம். எட்மன்டனிலை மைனஸ் நாற்பது, அங்கை போய் என்ன செய்யப் போறியள் எண்டு கேக்கிறார்."

பின்னாலிருந்து யாரோ கேட்டார்: "தாய்லாந்திலை ஏது எட்மன்டன்?"

சிவபாதம் மாட்டிக்கொண்டார். இனி மைக்கை வைத்தாலும் மானம் திரும்பி வராது. கிளடிஸ் ரீச்சர் வாயைத் திறந்தா, பிறகு இரண்டாம் வரிசையைப் பார்த்தா, மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தா.

"கதை நல்லாத்தானுங்க போகுது, விடுங்க" என்றார் சுப்பிரமணியன்.

ஆனால் படம் விடவில்லை. கிழவி எழுந்தா, ஒரு சொல்லும் சொல்லாமல் படகிலிருந்து இறங்கி நடந்தா. கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேருடைய பேச்சை மாற்றிச் சொன்னவரால், பேசாமல் நடந்து போகிற பெண்ணை எப்படி மாற்றிச் சொல்ல முடியும்?

"அவ... அவ பால் வாங்கப் போறா" என்றார் சிவபாதம். "இப்ப வந்திடுவா."

வரவில்லை. திரை கறுத்து, பெயர்கள் ஓடத் தொடங்கின. "இன்னும் முடியேல்லை, இருங்கோ" என்றார். பெயர்கள் ஓடின. "வந்துகொண்டிருக்கிறா. கடையிலை சரியான சனம்." யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பெயரும் போய்த் திரை வெறுமையாயிற்று. யாரோ விளக்கைப் போட்டார்கள். கையில் மைக்கோடு, வெள்ளைத் திரைக்கு முன்னால், சவரம் செய்த முகத்தோடு சிவபாதம் தனியாக நின்றார். பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில் கைப்பைக்குள் போன் அடித்தது. ரோகிணிக்கு இரண்டு மணி வரை பொறுமையில்லை.

சந்திரவதனா எழுந்தா. போனைக் காதில் வைத்துக்கொண்டே கதிரை வரிசைகளுக்கு நடுவே இருந்த நடைபாதைக்கு வந்தா. "ஓம் பிள்ளை, யோசிச்சனான். கோடையிலை ரெண்டு கிழமை வந்து நிக்கிறன். ஓ, ரெண்டே ரெண்டு கிழமைதான். பிறகு எடுக்கிறன், இஞ்சை ஒருத்தர் மைக்கோடை நிக்கிறார்."

போனை வைத்துவிட்டு, இருபத்துமூன்று பேர் முன்னால் அவரைப் பார்த்தா.

"எனக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியும். அந்தாள் முழங்கால் வலி எண்டுதான் சொன்னவர்."

சிவபாதம் தலையைக் குனிந்தார்.

"இஞ்சாருங்கோ" என்றா சந்திரவதனா. "சனிக்கிழமை பால் வாங்க வேணும். மூண்டாவது பை இந்தக் கிழமை என்ரை முறை. மறந்து போகாதேங்கோ."

மொழிபெயர்ப்பாளர் மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுப்பிரமணியனின் கையில் திணித்துவிட்டு, கூப்பிட்ட பக்கம் ஓடினார்.