மூடு

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் என் இரண்டு கால்களும் மரத்துப்போயின. திருவள்ளூர் மறுவாழ்வு வார்டில் எனக்கு மறுபடி நடக்கப் பழக்கியவர் ஓர் உதவியாளர். ஆந்திர எல்லைப்பக்கத்துக்காரர், குள்ளம், இடது காலை லேசாக இழுத்து நடப்பார். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டார். முன்னால் பார்த்தபடியேதான் பதில் சொல்வார். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

என் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தெலுங்கில் அடி எண்ணுவார்.

"ஒகட்டி, ரெண்டு, மூடு."

முதல் நாள், கண்ணை மூடச் சொல்கிறார் என்று மூடிக்கொண்டேன். மூடு என்றால் மூன்று என்று தெரிந்த பிறகும் மூன்றாம் அடியில் கண் தானாக மூடிக்கொண்டது.

இரண்டாவது வாரம் ஒருநாள் "மூடு" என்ற குரல் எதிரிலிருந்து கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் வராந்தாவின் அந்தக் கோடியில் ஜன்னலோரம் நின்றிருந்தார். என் இடுப்பில் பிடி அப்படியே இருந்தது.

"அப்போ பின்னால புடிச்சிக்கினு இருக்கிறது யாரு?" என்றேன்.

"மூணு நாளா நான் புடிக்கவே இல்ல சார்."

திரும்பிப் பார்க்கப் போனேன். அவர் பதறிக் கையை நீட்டினார்.

"திரும்பாத சார்! பாத்தா வுட்டுடும். நான் ஒரே ஒரு தபா திரும்பினேன். இந்தக் காலு அதோட போச்சு."

இப்போது கம்பு இல்லாமல் வேப்பம்பட்டு ஸ்டேஷன் படிகளில் ஏறுகிறேன். நேற்று பின்னாலிருந்து என் மகள் "நைனா" என்று கூப்பிட்டாள்.

முன்னால் பார்த்தபடியே, "இன்னாம்மா?" என்றேன்.